'நல்லாத்தான் இருக்கேன் சாமி...' என்று அம்மாயி சொன்னால் நம்பிவிடலாமா? முதியோர் இல்லங்களில் கவனிக்க வேண்டியவையும், சட்டம் காட்டும் வழிகளும்!

ராசிபுரம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஞாபகம் வருவது நெய், பட்டு, அப்புறம் ஹாஸ்டல் பள்ளிகள். ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோரைக் கவனித்திருக்கிறீர்களா? தண்ணீர் எங்கிருந்து வருகிறது, பாத்ரூம் எத்தனை பேருக்கு ஒன்று, வார்டன் எப்படி, சாம்பார் எப்படி என்று ஒன்று விடாமல் விசாரிப்பார்கள். அதே குடும்பம் தாத்தாவையோ பாட்டியையோ முதியோர் இல்லத்தில் சேர்க்கும்போது கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "மாசம் எவ்வளவுங்க?"

இல்லத்தில் சேர்ப்பது சரியா, தப்பா என்ற பட்டிமன்றம் இங்கே வேண்டாம். பையன் பெங்களூரில், பொண்ணு திருப்பூரில், ஊரில் படுக்கையில் விழுந்த அப்பாயி என்றால் பல வீடுகளுக்கு வேறு வழியில்லை. நன்றாக நடத்தப்படும் இல்லங்களும் இருக்கின்றன. ஆனால், சேர்த்தபிறகு அங்கே என்ன நடக்கிறது என்று பார்ப்பது யார்? பல வீடுகளில் அந்த வேலை பேரன், பேத்தி தலையில்தான் விழுகிறது. வீடியோ கால் போட்டுக் கொடுப்பதும், ஜிபே-யில் மாதப் பணம் அனுப்புவதும் நீங்கள்தானே!

ஒரு கேள்வியில் வெளிவந்த கொடுமை

விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் இயங்கிவந்த அன்பு ஜோதி ஆசிரமத்தை மறந்திருக்க மாட்டீர்கள். ஆதரவற்றவர்கள், மனநலம் பாதிக்கப்பட்டவர்கள், முதியவர்கள் எனப் பலரும் அங்கே இருந்தார்கள். 2023 பிப்ரவரியில் அதிகாரிகள் உள்ளே நுழைந்தபோது, உரிய அனுமதியில்லாமல் அது நடத்தப்பட்டது தெரியவந்தது. கட்டிவைத்தது, அடித்தது, கூண்டில் வளர்த்த குரங்குகளை விட்டுக் கடிக்கவைத்தது, பாலியல் வன்கொடுமை என அடுக்கடுக்காகப் புகார்கள் எழுந்தன. 140-க்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள். நிர்வாகிகள் கைதானார்கள், வழக்கு சி.பி.சி.ஐ.டி-க்குப் போனது, தேசிய மனித உரிமைகள் ஆணையமும் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது.

இது வெளியே வந்த விதம் முக்கியம். வெளிநாட்டில் வசிக்கும் ஒருவர், தன் உறவினரான முதியவரை அங்கே சேர்த்திருந்தார். திரும்பி வந்து பார்க்கப்போனபோது அவர் அங்கே இல்லை. பெங்களூரில் இருக்கும் இன்னோர் இல்லத்துக்கு மாற்றிவிட்டோம் என்றார்கள். அங்கே போய்ப் பார்த்தால் அங்கேயும் இல்லை. கடைசியில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடப்பட்டது. 'ஆளைக் கொண்டுவந்து காட்டுங்கள்' என்ற அந்த ஒரு மனுதான் மொத்தத்தையும் திறந்துவிட்டது. 'எங்க ஆள் எங்கே?' என்று கேட்க ஒருவர் இருந்ததால், கேட்க நாதியில்லாத மற்றவர்களும் வெளியே வந்தார்கள்.

அதற்கு ஐந்து வருடம் முன்பு, 2018 பிப்ரவரியில், காஞ்சிபுரம் மாவட்டம் பாலேஸ்வரத்தில் இருந்த முதியோர் கருணை இல்லமும் இப்படித்தான் செய்தியானது. இல்லத்தின் வண்டிக்குள் இருந்து ஒரு மூதாட்டி கத்துவதைக் கேட்டு மக்கள் வண்டியை மடக்கினார்கள். உள்ளே காய்கறி மூட்டைகளோடு ஒரு சடலமும் இருந்தது. இல்லத் தரப்பு குற்றச்சாட்டுகளை மறுத்தது. ஆய்வுக்குப் பிறகு, அங்கிருந்த முதியவர்கள் வேறு இடங்களுக்கு மாற்றப்பட்டார்கள்.

இந்த இரண்டும் உச்சம். நம் வீட்டு முதியவருக்கு நடக்க வாய்ப்புள்ளது இவ்வளவு சத்தமில்லாத விஷயம். அதனாலேயே கண்ணுக்குத் தப்பிவிடும்.

எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் தண்ணீர். படுக்கையை நனைத்துவிடுவார்கள், டயப்பர் மாற்ற வேண்டியிருக்கும் என்பதற்காகத் தண்ணீர் கொடுப்பதையே குறைத்துவிடுவது நடக்கிற விஷயம்தான். யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. ஆனால், இதுவும் கொடுமைதான். வறண்ட நாக்கு, வெடித்த உதடு, அடர்மஞ்சளாகப் போகும் சிறுநீர், திடீர் குழப்பப் பேச்சு எல்லாம் இதன் அடையாளம். 'வயசாயிடுச்சுல்ல, அப்படித்தான் பேசுவாங்க' என்று இல்லத்தில் சொன்னால், ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துப் பாருங்கள். மடக் மடக்கென்று குடித்து, இன்னொன்று கேட்டால், கேள்வி கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

அடுத்தது படுக்கைப்புண். முதுகின் அடிப்பகுதி, இடுப்பு, குதிகால். போர்வையை விலக்கி, கொஞ்சம் திருப்பிப் படுக்கவைத்துப் பார்த்தால்தான் தெரியும். எழ முடியாதவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும் என்பது பொதுவான நடைமுறை. சிவந்திருந்தால் ஆரம்பம். குழி விழுந்து வாடை வந்தால், பல நாள்களாக யாரும் கவனிக்கவில்லை என்று அர்த்தம்.

மணிக்கட்டிலோ கணுக்காலிலோ சுற்றிவர தழும்பு இருந்தால், கட்டிப்போட்டிருக்கலாம். இரண்டு மேல் கைகளிலும் விரல் பதிந்த மாதிரி கன்றியிருந்தால், யாரோ பிடித்து உலுக்கியிருக்கலாம். ஆனால், வயதானவர்களின் தோல் காகிதம் மாதிரி மெலிந்துவிடும். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு லேசாக இடித்தாலே கன்றும். அதனால் ஒரு காயத்தைப் பார்த்ததும் சண்டைக்குப் போகாதீர்கள். 'எப்படி ஆச்சு?' என்று முதியவரிடம் தனியாகவும், ஊழியரிடம் தனியாகவும் கேளுங்கள். இரண்டு கதைகளும் ஒத்துப்போகவில்லை என்றால் கவனம்.

எப்போது போனாலும் தூங்கிக்கொண்டே இருக்கிறாரா? மருந்துச் சீட்டை வாங்கி, டாக்டர் எழுதாத தூக்க மாத்திரை ஓடுகிறதா என்று பாருங்கள். கண்ணாடி, பல்செட், காது மெஷின் மூன்றும் இடத்தில் இருக்கின்றனவா? இது சின்ன விஷயம் மாதிரி தெரியும். பல்செட் காணாமல் போய் ஒரு மாதம் ஆனால், ஒரு மாதம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று பொருள்.

காசு விஷயம் தனி. ஏ.டி.எம் கார்டு யாரிடம் இருக்கிறது, பென்ஷன் பணத்தை யார் எடுக்கிறார்கள், வெற்றுத்தாளில் கைநாட்டு வாங்கினார்களா என்று கேட்டுவிடுங்கள். பாஸ்புக்கை ஒருமுறை என்ட்ரி போட்டால் பாதி உண்மை தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான அறிகுறி, நீங்கள் போகும்போது இல்லம் நடந்துகொள்ளும் விதம். 'முன்கூட்டி சொல்லிட்டு வாங்க', 'ரூமுக்குள்ள போகக் கூடாது, ஹாலுக்கு அழைச்சுட்டு வர்றோம்', பேசும்போது பக்கத்திலேயே ஒருவர் நிற்பது, 'போன் குடுத்தா அழறாங்க, அதனால குடுக்கிறதில்ல' என்பது. இந்த நான்கில் இரண்டு இருந்தாலே எனக்குச் சந்தேகம் வரும். சொல்லாமல், சாப்பாட்டு நேரத்தில் ஒருமுறை போய் நில்லுங்கள்.

"நல்லாத்தான் இருக்கேன் சாமி, நீ வேலையப் பாரு" என்று அம்மாயி சொல்வதை மட்டும் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் கிளம்பிய பிறகு அவர் அந்த ஊழியரிடம்தான் இருக்க வேண்டும். அதோடு, 'புள்ள மனசு கஷ்டப்படும்' என்ற நினைப்பு வேறு. "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டால் "ம்" என்றுதான் பதில் வரும். "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க, யார் எடுத்துட்டு வந்தாங்க, எப்பக் குளிச்சீங்க?" என்று கேட்டுப் பாருங்கள்.

யாரிடம் போவது?

இங்கே பலருக்கும் ஒரு குழப்பம் இருக்கிறது. 'பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007' இருக்கிறதே, அதில் புகார் கொடுத்தால் இல்லத்தின் மேல் நடவடிக்கை எடுப்பார்களா என்று கேட்கிறார்கள். அந்தச் சட்டத்தின் தீர்ப்பாயம் முக்கியமாக, பிள்ளைகளிடமிருந்தும் சொத்துக்கு வாரிசாகும் உறவினர்களிடமிருந்தும் பராமரிப்புத் தொகை வாங்கித் தருவதற்கானது. ராசிபுரம் தாலுகாவுக்கு நாமக்கல் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்க வேண்டும். மேல்முறையீடு கலெக்டரிடம். முதியவரைக் கைவிடும் நோக்கத்தோடு எங்காவது விட்டுவிட்டுப் போனால் 3 மாதச் சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்பதும் (பிரிவு 24) இதே சட்டத்தில்தான் இருக்கிறது.

இதே சட்டத்தின் 23-வது பிரிவு மட்டும் இல்லங்களுக்கும் பொருந்த வாய்ப்புள்ளது. 'கடைசிவரை பார்த்துக்கொள்கிறோம்' என்ற நிபந்தனையோடு வீட்டையோ நிலத்தையோ எழுதி வாங்கிவிட்டுப் பார்க்காமல் விட்டால், அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். வாங்கியவர் மகனாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. நிபந்தனை பத்திரத்திலேயே எழுதப்பட்டிருந்தால் வழக்கு பலமாக இருக்கும். எழுதிக் கொடுக்கும் முன்பே இதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

இல்லத்தின் மீதான புகாருக்கு வேறு கதவுகளைத் தட்ட வேண்டும். அடி, உதை, அடைத்துவைத்தல், பணத்தைச் சுருட்டுதல் எல்லாம் நேரடியாகப் போலீஸ் விவகாரம். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் காயப்படுத்துதலுக்குப் பிரிவு 115, சட்டவிரோதமாக அடைத்துவைத்தலுக்குப் பிரிவு 127, நம்பிக்கை மோசடிக்குப் பிரிவு 316, கவனக்குறைவால் மரணம் என்றால் பிரிவு 106.

அதிகம் பேசப்படாத பிரிவு ஒன்று உண்டு. எண் 357. நோயாலோ உடல் தளர்ச்சியாலோ தன்னைத்தானே பார்த்துக்கொள்ள முடியாதவரைக் கவனித்துக்கொள்வதாக ஒப்பந்தம் செய்துவிட்டு, வேண்டுமென்றே கவனிக்காமல் விடுவது குற்றம். பழைய தண்டனைச் சட்டத்தின் 491-வது பிரிவுதான் இப்போது இந்த எண்ணில் வந்திருக்கிறது. 3 மாதச் சிறை, 5,000 ரூபாய் அபராதம் என்று தண்டனை சிறியதுதான். ஆனால் 'நாங்க அடிக்கலையே, பார்க்காமதானே விட்டோம்' என்று இல்லம் தப்பித்துக்கொள்ள முடியாது. இதற்கு, சேர்க்கும்போது போட்ட ஒப்பந்தமும் ரசீதும் கையில் இருப்பது அவசியம். வாய்ப்பேச்சில் சேர்த்திருந்தால் இப்போதாவது எழுதி வாங்குங்கள்.

ஸ்டேஷனில் புகாரை வாங்க மறுத்தால், எழுத்துபூர்வமாகத் தபாலில் மாவட்ட எஸ்.பி-க்கு அனுப்பலாம். அதற்கும் பதில் இல்லை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம். எஃப்.ஐ.ஆர் நகல் இலவசமாகத் தர வேண்டும். நீங்கள் பெங்களூரில் இருந்தால், எந்த ஸ்டேஷனிலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர் போடக் கேட்கலாம்.

பணம் கட்டிச் சேர்த்த இல்லம் என்றால் நீங்கள் நுகர்வோர். நாமக்கல்லில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. சம்பவம் நடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். ஜெயிலுக்கு அனுப்ப அவர்களால் முடியாது. ஆனால், கட்டிய பணமும் இழப்பீடும் வாங்கித் தர முடியும். தகவலுக்கு 1915.

இல்லம் பதிவு பெற்றதா, எப்போது ஆய்வு நடந்தது என்பதை நாமக்கல் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேளுங்கள். சொல்லாவிட்டால் 10 ரூபாயில் ஆர்.டி.ஐ போடலாம், 30 நாள்களில் பதில் தர வேண்டும். மனநலம் பாதிக்கப்பட்டவர்களையும் வைத்திருக்கும் இல்லம் என்றால், மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன் கீழ் தனிப் பதிவு தேவை. திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தால், ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். செலவுக்குப் பயமா? வட்ட சட்டப் பணிகள் குழுவில் இலவச வக்கீல் கேட்கலாம், எண் 15100. பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. அதாவது, அம்மாயிக்கு எவ்வளவு சொத்து இருந்தாலும் உதவி உண்டு.

உடனடி ஆபத்து என்றால் 112. அவசரமில்லாத ஆலோசனைக்கும் மீட்பு உதவிக்கும் முதியோர் உதவி எண் 14567, காலை 8 முதல் இரவு 8 வரை.

போன் கையில் இருக்கிறதே!

காயத்தை நெருக்கமாக ஒன்று, முகமும் அறையும் தெரிய ஒன்று என்று படம் எடுங்கள். ஃபில்டர், எடிட் வேண்டாம். ஒரிஜினல் ஃபைலை அழிக்காதீர்கள். நீதிமன்றத்தில் டிஜிட்டல் ஆதாரத்துக்குச் சான்றிதழ் கேட்பார்கள், அப்போது அந்த போனே தேவைப்படலாம். இல்லத்தோடு பேசியதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வைத்துக்கொள்ளுங்கள். ரீல்ஸ் போடும் ஆசை வரும். வேண்டாம். மற்ற முதியவர்களின் முகத்தைப் பொதுவெளியில் போடுவது அவர்கள் மானத்தோடு விளையாடுவது. அதோடு, இல்லம் உஷாராகி ரிஜிஸ்டரைத் திருத்தவும் நேரம் கிடைத்துவிடும்.

காயம் இருந்தால் ராசிபுரம் அரசு மருத்துவமனை மாதிரி ஓர் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போய், எப்படி நடந்தது என்பதைச் சொல்லி ஏ.ஆர் என்ட்ரி போடச் சொல்லுங்கள். வழக்கில் அந்த ஒரு காகிதம் பத்து போட்டோவுக்குச் சமம்.

புகார் கொடுக்கும் முன்பு முதியவரை அங்கிருந்து அழைத்து வந்துவிடுங்கள். புகார் போனபிறகும் அவர் அதே கட்டிலில் இருந்தால், கோபம் அவர்மேல்தான் திரும்பும். வரும்போது ஆதார், பென்ஷன் புத்தகம், ஏ.டி.எம் கார்டு, மருந்துச் சீட்டு நான்கையும் கேட்டு வாங்குங்கள். 'பாக்கி கட்டினாத்தான் அனுப்புவோம்' என்று ஆளையே பிடித்துவைத்தால், அதுவும் சட்டவிரோத அடைப்புதான். அங்கேயே நின்று 112-க்கு போன் போடுங்கள். வாக்குமூலத்துக்காக அவரை ஸ்டேஷனுக்கு அலையவிடவும் தேவையில்லை. 60 வயது தாண்டிய ஆண்களையும், எந்த வயதுப் பெண்களையும் சாட்சி விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. போலீஸ்தான் அவர்கள் இருக்கும் இடத்துக்கு வர வேண்டும்.