திருவிதாங்கூரின் வணிகச் சட்டங்களும் தென்காசி–செங்கோட்டை எல்லையும்

திருவிதாங்கூர் சமஸ்தானம் தன் சுங்க, வணிக, கம்பெனிச் சட்டங்களைப் பிரித்தானிய இந்தியச் சட்டங்களோடு இணக்கிக்கொண்ட நடைமுறை, ஏறத்தாழ 1860 முதல் 1951 வரை படிப்படியாக நடந்தது. சிறிய அரசு ஒன்று தன்னைவிடப் பன்மடங்கு பெரிய சந்தையின் சட்டத்தைத் தன் சட்டமாக எழுதிக்கொண்ட நிகழ்வு இது. இன்றைய தென்காசி மாவட்டத்தின் நடுவே அந்த இரு சட்டங்களின் எல்லை ஓடியது. தென்காசியும் குற்றாலமும் பிரித்தானிய இந்தியாவின் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தன. சுமார் 8 கிலோமீட்டர் தொலைவிலுள்ள செங்கோட்டை 1956 அக்டோபர் 31 வரை முதலில் திருவிதாங்கூரிலும், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்தது. இருபுறமும் சட்டத்தின் வாசகம் ஏறக்குறைய ஒன்றாகிவிட்ட பிறகும், கடன் வசூலும் கம்பெனிக் கலைப்பும் எல்லையில் தடைபட்டன. இதுவே இந்த வரலாற்றின் முக்கியமான பாடமாகும்.

எல்லையின் இருபுறமும்

1801-இல் கர்நாடகப் பகுதிகள் கிழக்கிந்தியக் கம்பெனியின் நேரடி ஆட்சிக்கு வந்தபோது தென்காசியும் அதில் அடங்கியது. திருவிதாங்கூர் 1795, 1805 ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகளால் கம்பெனிக்குக் கட்டுப்பட்டாலும், உள்நாட்டு நிர்வாகத்தையும் சட்டம் இயற்றும் உரிமையையும் தன்னிடமே வைத்திருந்தது. அதனால் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், தமிழ் பேசும் மக்கள் வாழும் செங்கோட்டையில், திருவனந்தபுரத்தின் சட்டம் நடந்தது.

வணிகம் எல்லையைப் பார்த்து நிற்கவில்லை. கிழக்கிலிருந்து நெல்லும் மிளகாயும் மாடுகளும் துணியும் ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேற்கே சென்றன. மேற்கிலிருந்து மிளகும் பாக்கும் தேங்காயும் மரமும் கிழக்கே வந்தன. கொல்லத்தையும் திருநெல்வேலியையும் செங்கோட்டை வழியாக இணைத்த மீட்டர்கேஜ் ரயில்பாதை 1904-இல் முழுமை பெற்றபின் இப்போக்குவரத்து மேலும் பெருகியது.

ஆனால் கணக்கு எழுதும் முறை இருபுறமும் வேறு. தென்காசியில் ரூபாய், அணா, பைசா. செங்கோட்டையில் சக்கரமும் காசும். 16 காசு ஒரு சக்கரம். 28 சக்கரம் ஒரு சர்க்கார் ரூபாய். பிரித்தானிய ரூபாய்க்கோ 28 சக்கரம் 8 காசு. ஆண்டும் வேறு: திருவிதாங்கூர் அரசின் சட்டங்கள் ஆகஸ்ட் நடுவில் பிறக்கும் கொல்லம் ஆண்டைக் கொண்டு எண்ணிடப்பட்டன.

1865: சுங்க உடன்பாடு

இணக்கத்தின் முதல் படி சுங்கத்தில் தொடங்கியது. 1858 முதல் 1872 வரை திவானாக இருந்த டி. மாதவராவ், அரசின் ஏகபோக வணிகத்தை ஒவ்வொன்றாகக் கைவிட்டார். மிளகு ஏகபோகம் 1860-இலும், புகையிலை ஏகபோகம் 1863-இலும் நீக்கப்பட்டன. 1865-இல் பிரித்தானிய இந்தியா, திருவிதாங்கூர், கொச்சி ஆகியவற்றுக்கு இடையே வணிக உடன்பாடு ஏற்பட்டது. அதன்படி பிரித்தானிய இந்தியாவிலிருந்து வரும் பெரும்பாலான பொருள்களுக்குத் திருவிதாங்கூர் இறக்குமதி வரியை நீக்கியது. கடல்வழி வரும் அயல்நாட்டுப் பொருள்களுக்குப் பிரித்தானிய இந்தியாவின் வரி விகிதத்தையே தானும் ஏற்றது. உப்பையும் பிரித்தானிய இந்திய விலைக்கு ஒத்த விலையில் விற்க ஒப்புக்கொண்டது. பதிலாக, திருவிதாங்கூர்ப் பொருள்கள் அயல்நாட்டுச் சரக்காகக் கருதப்படும் நிலை நீங்கியது.

புகையிலை, உப்பு, அபின், மது ஆகியவை விதிவிலக்காயின. எனவே மலைப்பாதையில் சவுக்கைகள் மறையவில்லை. அவற்றின் வேலை குறுகியது. உடன்பாட்டில் இன்னொரு செய்தியும் உண்டு. இனி கல்கத்தாவில் வரி விகிதம் மாறினால் திருவனந்தபுரமும் மாற்றியாக வேண்டும். ஆனால் கல்கத்தாவில் அந்த விகிதத்தை முடிவு செய்யும் அவையில் திருவிதாங்கூருக்கு இடம் இல்லை. சந்தைக்குள் நுழைவதற்கான விலையாக, தானே வரி விதிக்கும் உரிமையின் ஒரு பகுதியைச் சிறிய அரசு விட்டுக்கொடுத்தது.

சட்டத்தைப் பார்த்து எழுதுதல்

அடுத்த படி சட்ட நூல்கள். பிரித்தானிய இந்தியாவின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் (1859), தண்டனைச் சட்டம் (1860) ஆகியவற்றைப் பின்பற்றித் திருவிதாங்கூரும் சட்டங்கள் கொண்டுவந்தது. 1888-இல் அமைக்கப்பட்ட திருவிதாங்கூர் சட்டமன்றக் குழு, இந்திய சமஸ்தானங்களில் தோன்றிய முதல் சட்டமன்றமாகக் கருதப்படுகிறது. அக்காலத்துச் சட்டங்கள் 'ரெகுலேஷன்' எனப்பட்டன.

கம்பெனிச் சட்டத்தின் பயணம் இதில் தனித்துக் காணத்தக்கது. பிரித்தானிய இந்தியாவில் 1850-இல் கம்பெனிப் பதிவுக்கான முதல் சட்டம் வந்தது. 1857-இல் பங்குதாரரின் பொறுப்பை அவர் போட்ட பங்குத்தொகையோடு நிறுத்தும் வரையறுத்த பொறுப்பு அனுமதிக்கப்பட்டது. 1866, 1882 ஆம் ஆண்டுகளில் புதிய சட்டங்கள் வந்தன. வ. உ. சிதம்பரனார் 1906-இல் தூத்துக்குடியில் தொடங்கிய சுதேசி நாவாய்ச் சங்கம், ஒவ்வொன்றும் 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளும் 10 லட்சம் ரூபாய் மூலதனமும் கொண்டு இந்த 1882 சட்டத்தின்கீழ்தான் பதிவானது. இங்கிலாந்தின் 1908 சட்டத்தை ஒட்டி 1913-இல் இந்தியக் கம்பெனிகள் சட்டம் இயற்றப்பட்டது.

திருவிதாங்கூரிலும் பங்கு நிறுவனங்கள் பரவின. 1888-இல் கோட்டயத்தில் மலையாள மனோரமா 100 ரூபாய் வீதம் 100 பங்குகளுடன் பங்கு நிறுவனமாகத் தொடங்கியது. 1913 சட்டம் வந்த சில ஆண்டுகளில், அதைப் பின்பற்றிக் கொல்லம் 1092-இல் (1916–17) திருவிதாங்கூர் கம்பெனிகள் ரெகுலேஷன் வந்தது. இந்தியச் சட்டம் 1936-இல் பெரிதும் திருத்தப்பட்டபின், கொல்லம் 1114-இல் (1938–39) திருவிதாங்கூர் கம்பெனிகள் சட்டம் வந்தது. லண்டனில் எழுதியது டெல்லிக்கும், டெல்லியில் எழுதியது திருவனந்தபுரத்துக்கும் சில ஆண்டு இடைவெளியில் வந்து சேர்ந்தது. தென்காசிக் கடைத்தெருவும் செங்கோட்டைக் கடைத்தெருவும் ஒரே மூலச் சட்டத்தின் இரண்டு பிரதிகளின்கீழ் இயங்கின.

ஒரே விதி, இரண்டு நீதிமன்றம்

பிரதி ஒன்றாக இருந்தாலும், அதை நடைமுறைப்படுத்தும் அமைப்புகள் தனித்தனி. பிரித்தானிய இந்திய நீதிமன்றத்தின் பார்வையில் திருவிதாங்கூர் நீதிமன்றம் அயல்நாட்டு நீதிமன்றம். மறுபுறமும் அப்படியே.

எடுத்துக்காட்டாக, தென்காசி மிளகாய் வியாபாரி ஒருவர் செங்கோட்டைக் கடைக்காரருக்குக் கடனாகச் சரக்கு கொடுத்தார் என்று கொள்வோம். பணம் வராததால் அவர் திருநெல்வேலிப் பக்கத்து நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தீர்ப்பாணை பெறுகிறார். கடனாளியின் கடையும் வீடும் செங்கோட்டையில். அந்தத் தீர்ப்பாணையை அங்கே நேராக நிறைவேற்றலாம் என்பதற்கு உறுதி இல்லை. இரு அரசுகளும் ஒன்றின் தீர்ப்பாணையை மற்றொன்று ஏற்பதாக அறிவித்திருக்க வேண்டும். இல்லையெனில் அந்தத் தீர்ப்பையே ஆதாரமாக வைத்து அங்கே இன்னொரு வழக்குத் தொடுக்க வேண்டும். பிரித்தானிய இந்தியாவின் 1908 உரிமையியல் நடைமுறைச் சட்டம், சமஸ்தான நீதிமன்றத் தீர்ப்பாணைகளை அறிவிக்கை மூலம் நிறைவேற்ற 44-ஆம் பிரிவில் வழி செய்தது.

கடனாளி முதல் வழக்கில் முன்னிலையாகாமல் இருந்துவிட்டால் சிக்கல் இன்னும் கடினம். ஃபரீத்கோட் சமஸ்தான வழக்கில் 1894-இல் லண்டன் பிரிவி கவுன்சில், அந்த அரசின் எல்லைக்குள் வசிக்காதவரும் அதன் நீதிமன்றத்துக்குத் தம்மை உட்படுத்திக்கொள்ளாதவருமான ஒருவருக்கு எதிரான தீர்ப்பு, வெளியே செல்லாது என்று கூறியது. எட்டுக் கிலோமீட்டர் தொலைவுக்கும் எண்ணூறு கிலோமீட்டர் தொலைவுக்கும் இந்த விதி ஒன்றுதான்.

கம்பெனிகளுக்கும் இதே நிலை. 1913 சட்டத்தின் 277-ஆம் பிரிவின்படி, பிரித்தானிய இந்தியாவுக்கு வெளியே பதிவான கம்பெனி அங்கே அலுவலகம் திறந்தால், ஒரு மாதத்துக்குள் தன் அமைப்பு விதிகள், இயக்குநர் பட்டியல், தன் சார்பில் அறிவிப்புகளைப் பெற்றுக்கொள்பவரின் பெயர் ஆகியவற்றைப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். செங்கோட்டையில் பதிவு அலுவலகம் கொண்ட கம்பெனி தென்காசியில் கிளை திறந்தால், லண்டன் கம்பெனியைப் போலவே அதுவும் வெளிக் கம்பெனிதான்.

1938: வங்கி வீழ்ச்சி

இந்த இடைவெளியின் விலை 1938-இல் தெரிந்தது. மத்திய திருவிதாங்கூரில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏராளமான சிறு வங்கிகள் தோன்றின. இன்றைய ஃபெடரல் வங்கி 1931-இல் திருவல்லா அருகே நெடும்புறத்தில், 1092 ரெகுலேஷனின்கீழ், 5,000 ரூபாய் அங்கீகரிக்கப்பட்ட மூலதனத்துடன் பதிவானது. வங்கி தொடங்குவது எவ்வளவு எளிதாக இருந்தது என்பதற்கு இத்தொகையே சான்று. பிரித்தானிய இந்தியாவில் வங்கிக் கம்பெனிகளுக்கெனத் தனி விதிகள் வந்ததே 1936 திருத்தத்தில்தான்.

1912-இல் தொடங்கிய திருவிதாங்கூர் நேஷனல் வங்கியும் கொல்லத்தின் குயிலான் வங்கியும் 1937-இல் இணைந்து, திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி ஆயின. பதிவு திருவிதாங்கூரில், மைய நிர்வாகம் சென்னையில், கிளைகள் இரு ஆட்சிப் பகுதிகளிலும். 1938-இல் வைப்பாளர்கள் பணத்தைத் திரும்பக் கேட்டு நெருக்கினர். 1935-இல்தான் செயல்படத் தொடங்கியிருந்த ரிசர்வ் வங்கி கேட்ட உதவியைத் தரவில்லை. 1938 ஜூன் 21-இல் வங்கி பணம் கொடுப்பதை நிறுத்தியது.

கலைப்பு நடவடிக்கை சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்தது. வெளியே பதிவான கம்பெனியாயினும், உள்ளே வணிகம் நடத்தியதால் அதை இந்தியச் சட்டப்படி கலைக்க முடிந்தது. ஆனால் சென்னை நீதிமன்றத்தின் ஆணை திருவிதாங்கூரிலுள்ள சொத்துகள்மீது தானாகச் செல்லாது. வங்கியின் தலைவர்களான கே. சி. மாம்மன் மாப்பிள்ளை, சி. பி. மாத்தன் ஆகியோர் சென்னையில் கைது செய்யப்பட்டு, அயல் ஆட்சிப் பகுதிக்கு ஒப்படைக்கும் நடைமுறையின்படி திருவிதாங்கூருக்குக் கொண்டுசெல்லப்பட்டுத் தண்டிக்கப்பட்டனர். திவான் சி. பி. ராமசுவாமி ஐயரின் அரசியல் பகையே வங்கியை வீழ்த்தியது என்ற கருத்தும், வங்கியின் நிர்வாகமே காரணம் என்ற கருத்தும் இன்றுவரை நிலவுகின்றன. எது சரியாயினும், பணம் போட்டிருந்த சிறு வைப்பாளரின் நிலை ஒன்றுதான். அவருடைய வங்கி ஒன்று. அதன்மீது ஆணையிடும் அதிகாரம் இரண்டு.

இதற்குப் பின்னர் ரிசர்வ் வங்கி 1939-இல் தனி வங்கிச் சட்டத்துக்கான முன்மொழிவுகளை அளித்தது. அம்முயற்சி 1949-இல் வங்கிக் கம்பெனிகள் சட்டமாக முடிந்தது.

1951, 1956: இரண்டு இணைப்புகள்

1949 ஜூலை 1-இல் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே மாநிலமாயின. 1951 ஏப்ரல் 1-இல் 'பி' பிரிவு மாநிலங்கள் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது இந்தியக் கம்பெனிகள் சட்டம் அங்கும் நேரடியாகப் பரவியது. 1114-ஆம் ஆண்டுச் சட்டம் விலகியது. அதே நாளில் உரிமையியல் நடைமுறைச் சட்டமும் நீட்டிக்கப்பட்டது. பிரதி எடுக்கும் காலம் முடிந்து, ஒரே சட்டமும் ஒன்றையொன்று ஏற்கும் நீதிமன்றங்களும் வந்தன.

எனினும் பழைய தீர்ப்புகளின் நிழல் நீண்டது. 1948-இல் குவாலியர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பாணை ஒன்று அயல்நாட்டுத் தீர்ப்பே என்றும், அலகாபாத்தில் அதை நிறைவேற்ற முடியாது என்றும் 1962-இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

1956 நவம்பர் 1-இல் மொழிவழி மாநில மறுசீரமைப்பில் செங்கோட்டைப் பகுதி சென்னை மாநிலத்தின் திருநெல்வேலி மாவட்டத்தில் சேர்ந்தது. கடைக்காரரைப் பொறுத்தவரை, கம்பெனிச் சட்டத்தின் எல்லை அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டது. குற்றாலத்தில் திருவிதாங்கூர் அரச குடும்பத்துக்காகக் கட்டப்பட்ட அரண்மனை இன்றும் கேரள அரசின் வசம் இருப்பது, அந்தப் பழைய எல்லையின் எச்சமாகும்.

ஐரோப்பாவுடன் ஒப்பீடு

சிறிய நாடுகள் பெரிய சந்தையின் கம்பெனிச் சட்டத்தைத் தழுவுவதற்கு இன்று அதிகம் எடுத்துக்காட்டப்படுவது ஐரோப்பா. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1968 மார்ச்சில் முதல் கம்பெனிச் சட்ட வழிகாட்டு ஆணையை வெளியிட்டது. கம்பெனி பற்றிய விவரங்களைப் பொதுவில் வெளியிடுதல், அதன் பெயரில் செய்த ஒப்பந்தங்கள் செல்லுபடியாதல் போன்றவற்றை அது பொதுவாக்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் பிரசல்ஸில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தானது. ஓர் உறுப்பு நாட்டின் வணிகத் தீர்ப்பை மற்ற நாடுகள் ஏற்று நிறைவேற்ற அது வழி செய்தது. விதியை ஒன்றாக்கும் வேலையும் தீர்ப்பை ஏற்கும் வேலையும் அங்கே சேர்ந்து நடந்தன. திருவிதாங்கூரில் விதி 1916–17-இலேயே நெருங்கிவிட்டது. தீர்ப்புகள் தடையின்றிச் செல்ல 1951 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. 1994-இல் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் இணைந்த நார்வே, ஐஸ்லாந்து ஆகியனவும், 1995-இல் இணைந்த லிக்டென்ஸ்டைனும் ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பினர்கள் அல்ல. ஆனால் அதன் சந்தை விதிகளைத் தம் சட்டத்தில் எழுதிக்கொள்கின்றன. அவ்விதிகள் முடிவாகும் இடத்தில் அவற்றுக்கு வாக்கு இல்லை. 1865-இல் திருவிதாங்கூர் நின்ற இடத்துக்கு இது நெருங்கிய நிலை. வேறுபாடு ஒன்று முக்கியமானது: அந்நாடுகள் இறைமை பெற்றவை, விரும்பினால் விலகலாம். திருவிதாங்கூருக்கு மேலதிகார அரசின் ஆதிக்கத்தின்கீழ் அந்த வாய்ப்பு இல்லை.

இன்றைய எல்லை

இன்று மாநில எல்லை செங்கோட்டைக்கு மேற்கே, புளியரைக்கும் ஆரியங்காவுக்கும் இடையே மலைமீது செல்கிறது. இருபுறமும் கம்பெனிச் சட்டம் ஒன்று. ஒரு மாநிலத் தீர்ப்பாணையை மறு மாநிலத்துக்கு அனுப்பி நிறைவேற்றலாம். ஆனாலும் விற்பனை வரி மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டதால், வரிச் சோதனைச் சாவடிகளில் லாரிகள் வரிசையில் நின்றன. 2017 ஜூலை 1-இல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபின் அச்சோதனை விலக்கப்பட்டது. 1865 உடன்பாட்டில் தொடங்கிய சுங்க இணக்கம், அதே மலைப்பாதையில் முழுமை பெற 152 ஆண்டுகள் ஆயின.