ஆட்டோரன்

ஆட்டோரன் என்பது, குறுந்தகட்டைக் கணினியில் போட்டதுமே அதிலுள்ள மென்பொருள் தானாக ஓடத் தொடங்கும் ஏற்பாடு. மைக்ரோசாப்ட் 1995இல் விண்டோஸ் 95உடன் இதைக் கொண்டுவந்தது. தகட்டில் ‘ஆட்டோரன்.இன்ஃப்’ என்றொரு சிறு கோப்பு இருக்கும். எந்த நிரலை ஓட்ட வேண்டும், எந்தப் படத்தைக் காட்ட வேண்டும் என்று இரண்டு மூன்று வரிகள்தாம். கணினி அதைப் படித்து அப்படியே செய்துவிடும்.

2005இல் மத்திய அரசு தமிழ் எழுத்துருக்களையும் மென்பொருள்களையும் குறுந்தகட்டில் இலவசமாக வழங்கியது. போடியிலோ கம்பத்திலோ புதிதாகக் கணினி பழகுபவருக்கு, தகட்டைப் போட்டதும் நிறுவும் திரை தானே வந்து நிற்பது பெரிய உதவிதான். அதே 2005இல் சோனி பிஎம்ஜி இசைத்தகடுகள், நகலெடுப்பதைத் தடுக்கும் நிரலைக் கணினிக்குள் மறைத்து நிறுவியது அம்பலமானது. காசு கொடுத்து வாங்கிய அசல் தகட்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது என்றானது.

பென் டிரைவ் வந்தபின் ஆபத்து பெருகியது. அச்சிட்ட தகட்டில் வைரஸ் பின்னால் வந்து ஒட்ட முடியாது. பென் டிரைவில் முடியும். தேனி, பெரியகுளம், உத்தமபாளையம் போன்ற ஊர்களில் பிரவுசிங் சென்டர், டிடிபி கடை, போட்டோ ஸ்டுடியோ என்று ஒரே பென் டிரைவ் பல கணினிகளில் ஏறி இறங்கும். 2008 நவம்பரில் வெளிப்பட்ட கான்ஃபிக்கர் என்ற வைரஸின் ஒரு வகை இவ்வழியாகவும் பரவியது. பென் டிரைவைச் செருகியதும் வரும் பட்டியலில், மஞ்சள் ஃபோல்டர் படத்துடன் ‘கோப்புகளைப் பார்க்கத் திற’ என்ற பொருளில் போலி வரி ஒன்றைச் சேர்த்தது. கோப்பைத் திறப்பதாக நினைத்து அதை அழுத்தியவர் உண்மையில் வைரஸை ஓட்டினார். அவர்மேல் பழி சொல்வது நியாயமில்லை. கேள்வியையே வைரஸ் எழுத விட்டது வடிவமைப்பின் பிழை.

2009இல் வந்த விண்டோஸ் 7 பென் டிரைவுகளுக்கு ஆட்டோரனை நிறுத்தியது. 2011 பிப்ரவரியில் பழைய பதிப்புகளுக்கும் திருத்தம் வந்தது. குறுந்தகடு, டிவிடிக்கு மட்டும் வசதி தொடர்ந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. தொடக்கத்தில் தந்தவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளமும் இருந்தது. லினக்ஸில் விண்டோஸ் வைரஸின் ‘ஆட்டோரன்.இன்ஃப்’ வெறும் எழுத்துக்கோப்பாகவே கிடக்கும்.

தகட்டைப் போடுவது வேறு, நிரலை ஓட்டச் சம்மதிப்பது வேறு. ‘இதை ஓட்டட்டுமா?’ என்று கணினி கேட்டாலே புதியவருக்கும் போதும். பழைய விண்டோஸில் தகட்டைப் போடும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தால் ஆட்டோரன் ஓடாது. விண்டோஸ் 10இல் அமைப்புகளில் ஆட்டோபிளேயை அணைத்து வைக்கலாம்.