பரிசம் கொடுத்திருந்தாலும் குற்றம்தான்

பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவில், குடும்ப வன்முறையைக் குற்றமாக்கும் குடும்பப் பாதுகாப்புச் சட்டம் 2008 ஜூனில் நிறைவேறியது. அதற்குள் அந்த மசோதா பத்து ஆண்டுக்கு மேல் அமைச்சகப் படிகளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நாடாளுமன்றம் ஒப்புக்கொண்ட பிறகும் குடியரசுத் தலைவர் கையெழுத்திடவில்லை. இது அரசியல் சாசனத்துக்கு உட்பட்டதுதானா என்று கேட்டு உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பிவைத்தார். மெலனீசிய மரபு, இறைநம்பிக்கை, கிறித்தவ நெறி ஆகிய மூன்றின் மேல் நாடு எழுந்திருப்பதாக அந்தச் சாசனத்தின் முகப்புரை சொல்கிறது. அந்த அடித்தளத்தையே புதிய சட்டம் ஆட்டிவிடும் என்பது எதிர்த்தவர்களின் வாதம். முரண் எதுவும் இல்லை என்று நீதிமன்றம் சொல்ல, ஆண்டு முடிவதற்குள் சட்டம் அரசிதழில் ஏறியது. மரபை அந்நிய உரிமைச் சிந்தனை தோற்கடித்த கதையாக இதைச் சொல்கிறவர்கள் உண்டு. மரபைக் குலைத்த கதையாகச் சொல்கிறவர்களும் உண்டு. இரண்டு பேருமே மரபு என்பது ஒரே குரல் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்த ஊர்ப் பெண்களுக்கும் அதே மரபில் பங்கு உண்டு என்பதும், அவர்களைக் கேட்காமலே அதன் பெயரால் தீர்ப்புச் சொல்லப்பட்டது என்பதும்தான் சண்டையின் மையம் என்பது என் கருத்து.

அங்கே 'கஸ்டம்' என்று அழைக்கப்படும் வழக்காற்றில், ஒருவன் மனைவியை அடித்துவிட்டால் விவகாரம் ஊர்த்தலைவர் முன்னால் போகும். பன்றி, தாழை ஓலைப் பாய், காவா வேர், இப்போதெல்லாம் பணம் என்று ஏதாவது கைமாறும். கைகுலுக்கியதும் பிணக்கு தீர்ந்தது. சின்னத் தீவில், நாளையும் ஒரே தோட்டத்துப் பாதையில் எதிரெதிரே நடந்தாக வேண்டியவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் அருமை தெரியும். பழிக்குப் பழி என்று போகாமல் எத்தனையோ குடும்பங்களை இது காத்திருக்கிறது. ஆனால் கொடுக்கல் வாங்கல் பெரும்பாலும் இரண்டு குடும்பத்து ஆண்களுக்கு நடுவில் முடிந்துவிடும். அடிபட்டவள் அன்று மாலையே அதே வீட்டுக்குத் திரும்ப வேண்டும். திருமணத்தின்போது பரிசம் கொடுத்திருந்தால், பிறந்த வீட்டுக்குப் போகும் வழியும் குறுகும். கணவனைப் பிரிந்து தலைநகர் போர்ட் விலாவில் இருந்த ஒரு பெண்ணை, தலைவர்கள் கூடிப் பேசி, அவள் விருப்பத்துக்கு மாறாகக் கப்பலேற்றித் தன்னா தீவுக்கு அனுப்பிய வழக்கு 1993இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. அதில் காவலர்களுக்கும் பங்கு இருந்தது. வழக்காற்று அதிகாரம் எதுவானாலும் அது சாசனத்துக்குக் கட்டுப்பட்டதே என்று நீதிமன்றம் அப்போதே சொல்லிவிட்டது. ஆண், பெண் இருவரும் சட்டத்தின் முன் சமம் என்ற உறுதியும், மரபைப் போற்றும் முகப்புரையும் 1980 விடுதலையோடு நடைமுறைக்கு வந்த ஒரே சாசனத்தில்தான் இருக்கின்றன.

இப்படி அடிபட்ட பெண்களுக்கு உதவ வனுவாட்டுப் பெண்கள் மையம் 1992இல் தொடங்கியது. நாடாளுமன்றத்தில் 52 இடங்கள். பெண் உறுப்பினர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆகவே அவைக்குள்ளிருந்து சட்டம் கேட்க ஆளில்லை. மெரிலின் தாஹியின் தலைமையில் மையம் வேறு வழியைப் பிடித்தது. ஆலோசனை கேட்டு வந்தவர்களின் வழக்குப் பதிவேடு ஒருபக்கம். தீவுதோறும், ஊர்தோறும் அமைத்த வன்முறை எதிர்ப்புக் குழுக்கள் மறுபக்கம். பேச்செல்லாம் நாட்டின் பொதுமொழியான பிஸ்லாமாவில். ஊர்த்தலைவர்கள், காவலர்கள், போதகர்கள் எனப் பல ஆண்களையும் அழைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். இது தந்திரம் மட்டுமல்ல என்று நினைக்கிறேன். ஊர்த்தலைவர் கைவிட்ட பெண்ணுக்குத் தீவில் வேறு வாசல் கிடையாது. நாடு தழுவிய ஆய்வு அச்சேறியது சட்டம் வந்த பிறகு, 2011இல்தான். துணையோடு வாழ்ந்த பெண்களில் 60 விழுக்காட்டினர் அந்தத் துணையிடம் உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்திருந்தார்கள் என்றது அது.

இதெல்லாம் வெளிநாட்டுப் பணத்தின் வேலை என்ற குற்றச்சாட்டைச் சும்மா தள்ளிவிட முடியாது. ஆஸ்திரேலிய உதவி இல்லாமல் மையம் இவ்வளவு காலம் நடந்திருக்காது. ஆனால் பணத்தின் ஊரைக் கேட்பவர்கள் மற்றவற்றின் ஊரையும் கேட்க வேண்டாமா? சாசனம் போற்றும் கிறித்தவம் அங்கே வேரூன்றியது 19ஆம் நூற்றாண்டில். 1839இல் எரொமங்கா தீவில் கரையிறங்கிய ஜான் வில்லியம்ஸ் என்ற பாதிரியாரை அந்தத் தீவுக்காரர்கள் கொன்றார்கள். நாடாளுமன்ற முறையோ, பிரிட்டனும் பிரான்சும் கூட்டாக ஆண்ட காலத்தின் மிச்சம். இவையெல்லாம் சொந்தமாகிவிட்டன, மனைவியை அடிக்கக்கூடாது என்பது மட்டும் இறக்குமதி என்றால், அங்கே காக்கப்படுவது மரபா என்ற சந்தேகம் வருகிறது.

சட்டம் தீவுக்கு எட்டாது என்ற ஆட்சேபம் இதைவிட வலுவானது. எண்பதுக்கும் மேற்பட்ட தீவுகள். நீதிபதியும் காவல் நிலையமும் இருப்பது சிலவற்றில்தான். சட்டத்தை எழுதியவர்களுக்கு இது தெரியும். அதனால்தான் உள்ளூரிலேயே அதிகாரம் பெற்ற ஒருவர் தற்காலிகப் பாதுகாப்பு ஆணை பிறப்பிக்க அதில் இடம் வைத்தார்கள். அந்த நியமனங்களை அரசு பல ஆண்டுகள் செய்யவே இல்லை. எட்டாமல் போனதற்குக் கடலைக் குறைசொல்வது சரியல்ல. சட்டத்தின் 10ஆம் பிரிவு குடும்ப வன்முறைக்கு ஐந்து ஆண்டு வரை சிறை என்கிறது. பரிசம் கொடுத்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது என்றும் வெளிப்படையாகச் சொல்கிறது. குற்றவியல் சட்டமோ, தண்டனையை அளக்கும்போது வழக்காற்றுப்படி கொடுத்த ஈட்டையும் நீதிபதி கணக்கில் எடுத்தாக வேண்டும் என்கிறது. பரிசமாக முன்வாசலில் நிறுத்திய பன்றியும் பாயும் ஈடு என்ற பெயரில் நீதிமன்றத்துக்குள் வந்துவிடுகின்றன. தண்டனை எத்தனை மாதம் குறையும் என்பதில் இன்றும் அவற்றுக்குக் கணக்கு உண்டு.