சொரியாசிஸ்: தோல் அறிகுறிகளும் இரத்த வேதியியலும்

சொரியாசிஸ் தோலையும் நகத்தையும் சில வேளை மூட்டையும் தாக்கும் நீடித்த அழற்சி நோய். தொட்டால் ஒட்டாது. சித்த மருத்துவத்தில் இதற்குக் காளாஞ்சகப்படை என்று பெயர். நோய் எதிர்ப்பு மண்டலம் தவறாகத் தூண்டப்படுவதால், ஏறத்தாழ 4 வாரத்தில் முதிர்ந்து உதிர வேண்டிய மேல்தோல் செல்கள் சில நாட்களிலேயே மேலேறிக் குவிகின்றன.

முழங்கை, முழங்கால், தலை, கீழ்முதுகு ஆகிய இடங்களில் விளிம்பு தெளிந்த தடிப்புகளும் அவற்றின்மேல் வெள்ளிநிறச் செதில்களும் தோன்றும். பாடநூல்கள் சொல்லும் சிவப்பைக் கருத்த தோலில் தேடினால் ஏமாற்றமே; அங்கே அது ஊதாவாகவோ அடர் பழுப்பாகவோ தெரியும். செதிலைச் சுரண்டினால் மெழுகு போல உதிர்ந்து, அடியில் ஊசிமுனை அளவில் இரத்தப் புள்ளிகள் அரும்பும். இது ஆஸ்பிட்ஸ் அறிகுறி. கீறல் பட்ட இடத்தில் புதுத் தடிப்பு எழுவது கோப்னர் விளைவு. நகத்தில் சிறு குழிகளும் எண்ணெய்த்துளி போன்ற மஞ்சள் கறையும் இருந்தால் மூட்டுகளையும் விசாரிக்க வேண்டும். தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று வந்துபோன சில வாரங்களில், குறிப்பாகச் சிறுவர்களுக்கு, துளித்துளியாகப் படரும் வகையும் உண்டு.

சொரியாசிஸை உறுதிசெய்யும் இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. கண்ணால் பார்த்தே பெரும்பாலும் கண்டறியப்படுகிறது. ஐயமிருந்தால் தோல் திசு ஆய்வு. ஆனாலும் இரத்தம் வேறு சேதி சொல்லும். செல்கள் விரைந்து பெருகி அழிவதால் பியூரின் சிதைவு கூடி, சிலருக்கு யூரிக் அமிலம் உயர்கிறது. உடல் பருமனும் இதே உயர்வைத் தருமென்பதால் பழி முழுவதையும் தோலின்மேல் போட முடியாது. டிரைகிளிசரைடும் சர்க்கரையும் கூடுவதும், நல்ல கொழுப்பான எச்.டி.எல். குறைவதும் பொதுமக்களைவிடச் சொரியாசிஸ் உள்ளவர்களிடம் அதிகம். மாரடைப்பு அபாயம் கூடுதலாக இருப்பதோடு இவை சேர்த்துப் பார்க்கப்படுகின்றன. நோய் கடுமையாகும்போது அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., ஈ.எஸ்.ஆர். அளவுகள் ஏறலாம். உடல் முழுதும் செதிலுதிரும் நிலையில் இரத்தப் புரதமான ஆல்புமின் இறங்கும். சீழ்க்கொப்புள வகையில் வெள்ளணு உயர்ந்து கால்சியம் குறையக்கூடும். மூட்டுவலி உள்ளவர்களிடம் ருமட்டாய்டு காரணி பெரும்பாலும் இருப்பதில்லை. முடக்குவாதத்திலிருந்து பிரித்தறிய இது உதவும்.

சிகிச்சையும் இரத்தத்தை மாற்றும். அசிட்ரெட்டின் டிரைகிளிசரைடை உயர்த்தும். சைக்ளோஸ்போரின், சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினினை ஏற்றும். மீதோட்ரெக்சேட் எடுப்பவர்களுக்கு இரத்த அணுக்கள், கல்லீரல் நொதிகள், சிறுநீரகச் செயல்பாடு மூன்றும் தவணைதோறும் பார்க்கப்படும். மீதோட்ரெக்சேட் வாரம் ஒருமுறை எடுக்கும் மாத்திரை. மருந்துச் சீட்டைத் தவறாகப் படித்துத் தினமும் விழுங்குவோருக்கு வாய்ப்புண் வந்து, வெள்ளணுக்கள் சரிந்து, உயிருக்கே ஆபத்தாகும்.