தாமிரபரணிக் கரையில் ஒரு நாள்... தாழிகளின் ஊருக்குப் போயிட்டு வரலாமா?

நெல்லைக்குப் போனா அல்வா வாங்குறோம், குற்றாலத்துல குளிக்கிறோம், ஊர் திரும்பிடுறோம். அடுத்த முறை ஒரு நாளைத் தாமிரபரணிக் கரைக்கு ஒதுக்கிப் பாருங்களேன்!

ஆதிச்சநல்லூர்: திருச்செந்தூர் சாலையை ஒட்டிய செம்மண் மேடு. 'பரம்பு' என்கிறார்கள். 1876-ல் ஜெர்மானியரான ஜாகோர் இங்கே முதலில் தோண்டினார். பிறகு வந்த அலெக்சாண்டர் ரியா, தங்க நெற்றிப்பட்டங்கள், வெண்கலப் பொருள்கள், இரும்பு ஆயுதங்களை எடுத்தார். தாழிகளைக் கிடந்த இடத்திலேயே கண்ணாடி வழியாகப் பார்க்கலாம்.

சிவகளை: ஆற்றைத் தாண்டினால் சிவகளை. இங்கு ஒரு தாழிக்குள் கிடைத்த நெல்லுக்கு வயது சுமார் 3,200 ஆண்டுகள் என்றது ஆய்வு முடிவு. வழியெல்லாம் வயலில் நிற்பதும் அதே நெல்தான்!

கொற்கை: முத்துக்குப் பேர்போன பாண்டியர் துறைமுகம். ஆனால், இன்று கடல் இங்கில்லை. ஆறு கொண்டுவந்த வண்டல் சேரச் சேர, கரை சில கிலோமீட்டர் கிழக்கே நகர்ந்துவிட்டது.

இதை மறந்துடாதீங்க: காலடியில் கறுப்பு - சிவப்புப் பானை ஓடு கிடந்தால், 'ஞாபகத்துக்கு ஒண்ணு' என்று பையில் போட்டுக்காதீங்க. எந்த இடத்தில், எந்த மண்ணடுக்கில், எதன் பக்கத்தில் இருந்தது என்பதை வைத்துத்தான் ஆய்வாளர்கள் காலத்தைக் கணிக்கிறார்கள். உங்க வீட்டு ஷோகேஸுக்கு வந்துட்டா, அது வெறும் ஓடு. போட்டோ எடுங்க, ஓட்டை அங்கேயே விட்டுடுங்க!