மன்னார் வளைகுடா கடல் எல்லை

மன்னார் வளைகுடா கடல் எல்லை என்பது இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே, 1976 மார்ச் 23 அன்று கையெழுத்தான உடன்படிக்கையால் வரையறுக்கப்பட்ட எல்லைக்கோடு ஆகும். தாமிரபரணி ஆறு புன்னக்காயல் அருகே இவ்வளைகுடாவில் கலக்கிறது. இன்றைய தூத்துக்குடி மாவட்டக் கடற்கரை அப்போது திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தூத்துக்குடி 1986இல்தான் தனி மாவட்டமானது.

பின்னணி

முத்தும் சங்கும் விளையும் இக்கடலில் இரு கரையினரும் நெடுங்காலமாகத் தொழில் செய்து வந்தனர். பண்டைய முத்துக்குளிப்புத் துறைமுகமான கொற்கை தாமிரபரணியின் முகத்துவாரத்தில் இருந்தது. (இன்று அவ்வூர் கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி உள்ளது.) பாக்கு நீரிணையின் எல்லை 1974 உடன்படிக்கையில் முடிவானது. கச்சத்தீவு அதன்படியே இலங்கையின் பக்கம் சென்றது.

எல்லை வகுக்கப்பட்ட முறை

1974இல் குறிக்கப்பட்ட கடைசிப் புள்ளியிலிருந்து மன்னார் வளைகுடா எல்லை தொடங்குகிறது. மொத்தம் 13 புள்ளிகள் குறிக்கப்பட்டு, அவை வரிசையாக இணைக்கப்பட்டன. இரு நாட்டுக் கரைகளிலிருந்தும் ஏறத்தாழ ஒரே தொலைவில் செல்லும் நடுக்கோடே இதன் அடிப்படை. கோட்டுக்கு நடுவே உரிமை கோரப்பட்ட தீவு எதுவும் இல்லாததால் இப்பகுதியில் சிக்கல் குறைவு. எல்லைக்கு இருபுறமும் பரவிய எண்ணெய் அல்லது எரிவாயுப் படிவம் கண்டறியப்பட்டால் அதைப் பகிர்வது குறித்து இரு நாடுகளும் பேசி முடிவு செய்ய வேண்டும் என்ற விதியும் உண்டு. 1976 நவம்பரில் ஒரு துணை உடன்படிக்கை, இக்கோட்டை மாலைதீவு எல்லையும் சந்திக்கும் முச்சந்திப் புள்ளி வரை நீட்டியது.

கடிதப் பரிமாற்றம்

மீனவர்களைப் பெரிதும் பாதித்தது உடன்படிக்கையைவிட, அதே நாளில் இரு நாட்டு வெளியுறவுச் செயலாளர்களும் பரிமாறிக்கொண்ட கடிதங்களே எனலாம். ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டின் கடற்பகுதியில் அனுமதியின்றி மீன்பிடிக்கக் கூடாது என்று அவை கூறின. கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள மீன்வளம் மிக்க வாட்ஜ் பேங்க் இந்தியாவுக்கு உரியது என்பதும் இவற்றில் உறுதியானது. அங்கு ஆறுக்கு மேற்படாத இலங்கைப் படகுகள், ஆண்டுக்கு 2,000 டன்னுக்கு மிகாமல், மூன்று ஆண்டுகள் மட்டும் மீன்பிடிக்க இந்தியா இசைந்தது.

இவை கையெழுத்தானபோது நாட்டில் நெருக்கடி நிலை நடைமுறையில் இருந்தது. தமிழக அரசும் 1976 சனவரி 31 அன்று கலைக்கப்பட்டிருந்தது. எனவே 1974 உடன்படிக்கையை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றிய சட்டமன்றத்தில் இது பற்றி விவாதம் நடக்க வழியில்லாமல் போனது குறிப்பிடத்தக்கது.

தற்போதைய நிலை

எல்லைக்கோடு குறித்து இரு அரசுகளுக்கும் இடையே பிணக்கு இல்லை. எனினும் மீன்பிடிச் சிக்கல் தீரவில்லை. தூத்துக்குடியை அடுத்த தருவைகுளத்தைச் சேர்ந்த மீனவர்கள் 2024இல் எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படையால் கைது செய்யப்பட்டனர்.