பாரமுல்லாவிலிருந்து சென்னைக்கு வந்த இஷ்ரத்தும், நம்ம பாகாயமும்

வரலாறு என்றால் ராஜாக்களும் போர்களும்தான் என்று நினைக்கும் பிள்ளைகளுக்காக இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காஷ்மீரின் பாரமுல்லாவைச் சேர்ந்தவர் இஷ்ரத் அக்தர். 2016-ல் வீட்டு மாடியிலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டது. கால்கள் செயலிழந்தன. ஸ்ரீநகரில் ஒரு மறுவாழ்வு மையத்தில் சிகிச்சையில் இருந்தபோது, சக்கர நாற்காலியில் சிலர் கூடைப்பந்து ஆடுவதைப் பார்த்தார். தானும் இறங்கினார். மூன்றே ஆண்டில் இந்திய அணிக்கான பயிற்சி முகாமுக்குத் தேர்வானார்.

முகாம் நடந்தது சென்னையில். ஆனால் 2019 ஆகஸ்டில் காஷ்மீரில் போனும் இல்லை, இணையமும் இல்லை. தேர்வான செய்தியே அவருக்குப் போய்ச் சேரவில்லை. பயிற்சியாளர் லூயிஸ் ஜார்ஜ், ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி கர்னல் ஐசனோவரிடம் உதவி கேட்டார். கையில் இருந்த ஒரு புகைப்படத்தை வைத்து, ராணுவமும் காவல்துறையும் தேடி வீட்டைக் கண்டுபிடித்தன. இஷ்ரத் சென்னை வந்து சேர்ந்தார். அந்த ஆண்டு தாய்லாந்தில் நடந்த ஆசிய-ஓசியானியா போட்டியில் இந்தியாவுக்காக ஆடினார்.

இது ஏதோ அனுதாப ஆட்டம் என்று நினைக்க வேண்டாம். கூடையின் உயரம் அதே 3.05 மீட்டர். அணிக்கு ஐந்து பேர். உடல் இயக்கத்தைப் பொறுத்து ஒவ்வொருவருக்கும் 1 முதல் 4.5 வரை புள்ளி தருவார்கள். களத்தில் நிற்கும் ஐவரின் கூட்டுத்தொகை 14-ஐத் தாண்டக் கூடாது. அதனால் குறைவாக அசைய முடிந்தவருக்கும் அணியில் இடம் உண்டு. பந்தை மடியில் வைத்துச் சக்கரத்தை இரண்டு முறை தள்ளலாம், அதற்குள் தரையில் தட்டியாக வேண்டும். நாற்காலியின் சக்கரங்கள் சரிவாக இருக்கும், சட்டென்று திரும்புவதற்காக.

இரண்டாம் உலகப் போரில் காயமடைந்த அமெரிக்க வீரர்கள் தொடங்கிய ஆட்டம் இது. இங்கிலாந்தில் டாக்டர் லுட்விக் குட்மன் விளையாட்டையே சிகிச்சையாக்கினார். 1960 ரோம் பாராலிம்பிக்கில் ஆண்களுக்கும், 1968 டெல் அவிவில் பெண்களுக்கும் கூடைப்பந்து வந்தது.

நம்ம ஊர்க்கதை இங்கேதான் சேருகிறது. வேலூர் சி.எம்.சி. டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். டாக்டர் பால் பிராண்ட் ஊக்கம் தர, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் தானே மறுவாழ்வுப் பயிற்சி பெற்றார், பிறகு நியூயார்க்கில் அந்தத் துறையைப் படித்தார். 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் நிலையங்களில் இந்தியாவில் அதுவே முதல். 1972-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஆனால் மறுவாழ்விலிருந்து மைதானத்துக்குப் போக நாட்டுக்கு இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. சிறுவயதில் போலியோ தாக்கிய, சென்னையில் வங்கியில் வேலை பார்த்த நீச்சல் வீராங்கனை மாதவி லதா முன்நின்று, 2014-ல்தான் இந்திய சக்கர நாற்காலி கூடைப்பந்து சம்மேளனம் உருவானது. 2017-ல் பாலியில் நடந்த சர்வதேசப் போட்டியில் நம் பெண்கள் அணி வெண்கலம் வென்றது.

இந்த வரலாறு சொல்வது ஒன்றுதான். திறமை இருந்தால் மட்டும் போதாது. அடிபட்ட பெண்ணுக்கு முதலில் ஒரு நாற்காலி வேண்டும், பயிற்சி தரும் இடம் வேண்டும், அவளைத் தேடி ஒருவர் வீட்டு வாசலுக்கு வர வேண்டும். இஷ்ரத்துக்கு மூன்றும் கிடைத்தன.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுத் தெருக்களில் பல வீடுகளில் அம்மாவும் அக்காவும் ஷூ கம்பெனிக்குப் போன பிறகு, நடக்க முடியாத பெண் பிள்ளை பகல் முழுக்கத் தனியாகக் கிடக்கிறாள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், விளையாட்டில் அவளுக்கும் பங்கு கிடைக்க அரசு வழி செய்ய வேண்டும் என்கிறது. சட்டம் வாசலுக்கு வந்து கதவைத் தட்டாது. நாம்தான் தட்ட வேண்டும். உங்கள் தெருவில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், ஒருமுறை பாகாயம் அழைத்துப் போங்கள். ஆம்பூரிலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரம்தான்.